விடுபட்ட இரண்டு ஸ்கேன்

ராஜ்மோகன் ஐஸ் பெட்டியின் ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு, அக்காவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பேரளத்துச் சம்பந்தி வீட்டுக்காரங்க திருநள்ளாறு தாண்டிட்டாங்களாம்க்கா. கேட்டா அல்சர்னே சொல்லு. இத்தன நாளு அப்படித்தானே சொல்லிவச்சிருக்கோம்."

நீலாயதாட்சி பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பெட்டிக்குள் அவள் கணவர் சிவநாதன் படுத்திருந்தார். மஞ்சள் பூத்த முகம் தெரியாமலிருக்க விபூதியை அள்ளிப் பூசியிருந்தார்கள். வயிறு மட்டும் வேட்டிக்கு மேல் மேடாக நின்றது. அல்சர்காரருக்கு இந்த வயிறு ஏது என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். டீக்கடையில் போய்ப் பேசிக்கொள்வார்கள்.

காரைக்காலில் ஒருவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால் வெளியூர்க்காரர்கள் காரணம் கேட்பதில்லை. கடைத்தெருவில் வரிசையாக இருக்கும் சாராயக் கடைகளைப் பார்த்து அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். சிவநாதன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவரில்லை. தொண்ணூற்றெட்டில் நெடுங்காடு ரோட்டில் டிராக்டர் மோதித் தொடை முறிந்தபோது ஏற்றிய ரத்தத்தில் வந்தது ஹெபடைட்டிஸ் சி. இருபது வருஷம் சத்தம் காட்டாமல் இருந்து ஈரலைச் சுருக்கிவிட்டது. மூன்று மாத மாத்திரையில் கிருமி போனது.

"கிருமிதான் போயிருக்கு. சுருங்குன ஈரல் அப்படியேதான் இருக்கு, அதுல கேன்சர் வரலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் எடுத்துடணும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். சிவநாதனும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர் மாதிரி எட்டு முறை தவறாமல் போய்வந்தார்.

ஒன்பதாவது முறை நீலாயதாட்சி தடுத்தாள். மகள் கீர்த்திகாவுக்குப் பேரளத்தில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அந்த ஈரல் டாக்டர் வாசல்ல நீங்க உக்காந்திருக்கறத எவனாவது பாத்தா, பொண்ணோட அப்பன் குடிகாரன்னு போய்ச் சொல்லிடுவான். கிருமிதான் போயிடுச்சுல்ல? கல்யாணம் முடியட்டும், போய்க்கலாம்."

"சரி" என்றார் அவர். பத்தாவது முறை வந்தபோது கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. அதற்கும் சரி என்றார்.

மகளை அனுப்பிவைத்த பிறகு எடுத்த ஸ்கேனில் ஏழு சென்டிமீட்டர் கட்டி இருந்தது. ரத்தக் குழாய்க்குள்ளும் இறங்கியிருந்தது.

"ஏன் சார் ரெண்டு தடவ வரல? சின்னதா இருக்கறப்பவே பாத்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாமே" என்றார் டாக்டர்.

"வேலையா இருந்துட்டேன் சார்."

பக்கத்தில் நின்ற நீலாயதாட்சி வாயைத் திறக்கவில்லை. அதன்பின் மூன்று மாதம், அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. கீர்த்திகாதான் வந்தபோதெல்லாம் அப்பாவைக் கடிந்துகொண்டாள். அவர் கேட்டுக்கொண்டார்.

வாசலில் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா வெண்மதி ஓடிவந்து நீலாயதாட்சியைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். ஓய்ந்ததும், எல்லோரும் கேட்பதையே அவளும் கேட்டாள்.

"என்னண்ணி, இப்படி திடீர்னு?"

ராஜ்மோகன் தொண்டையைச் செருமினான். அவன் பேசுவதற்குள் கீர்த்திகா முந்திக்கொண்டாள். "டாக்டர் சொன்னத என்னைக்குக் கேட்டாரு இவரு" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

செத்த பிறகும் அவர் ஏச்சு வாங்குவதை நீலாயதாட்சியால் பொறுக்க முடியவில்லை.

"அல்சரெல்லாம் இல்லண்ணி. ஈரல்ல கேன்சர். அவரு ஒழுங்காத்தான் ஸ்கேனுக்குப் போய்க்கிட்டிருந்தாரு. நான்தான் ரெண்டு தடவ நிறுத்திட்டேன். உங்க காதுக்கு வந்துடுமோன்னு பயம்."

கீர்த்திகா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ராஜ்மோகன் எழுந்து வாசலுக்குப் போனான்.

வெண்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்குத் தெரியும் அண்ணி" என்றாள் மெதுவாக. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அண்ணன் எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டாங்க. ரத்தம் ஏத்துனதுல வந்தது, ஆறு மாசத்துக்கொரு தடவ ஸ்கேன் பாக்கறேன், மறைச்சுப் பொண்ணு குடுக்க மனசு வரலன்னு. இப்படிப்பட்ட மனுசன் வீட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்னாங்க இவங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் நாங்க எதுவும் கேட்டுக்கல."

நீலாயதாட்சி அவள் பக்கம் திரும்பினாள்.

"எங்க வச்சுச் சொன்னாரு?"

"கொல்லையில, குழாயடியில. கை கழுவப் போனப்ப."

அன்றைக்கு அவள் அடுக்களையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து குழாயடி நாலு முழம்கூட இருக்காது. சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அவளிடமும் சொல்லியிருந்தால் அவளே அவரைக் கையைப் பிடித்து ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருப்பாள். மறைக்கச் சொன்னதை மீறிவிட்டாரே என்று அவள் மனசு வருத்தப்படும், அதனால் சொல்லாமல் விட்டிருப்பார். அவளுக்கு முதலில் அவர்மேல் கோபம்தான் வந்தது. அழுகை அதற்குப் பிறகு வந்தது.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, நீலாயதாட்சியைத் தலைக்கு ஊற்றக் கொல்லைக்குக் கூட்டிப் போனார்கள். ஒருத்தி குழாயடியில் குடத்தை வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"இங்க வேணாம்" என்றாள் நீலாயதாட்சி.

"வேற எங்க ஊத்தறது? குழாய் இங்கதானே இருக்கு" என்றாள் தண்ணீர் பிடித்தவள்.

நீலாயதாட்சி நகரவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா உண்மையைச் சொன்னதிலிருந்து கீர்த்திகா அவளிடம் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. குனிந்து, நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு கொல்லையின் மறுகோடிக்கு நடந்தாள்.