புகைக்காதவனின் இடைவேளை

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து இஸ்திரி போடும் அந்தச் சலவைக்கூடத்தில், வேலைக்கு நடுவே வெளியே போக ஒரே வழிதான் இருந்தது. இரண்டு விரலை உதட்டருகே வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் சூப்பர்வைசர் தலையாட்டுவார். துணிகளுக்கு நடுவே நெருப்பு ஆகாது. ஆகவே புகைக்கிறவனை வெளியே விட்டுத்தான் தீர வேண்டும். புகைக்காதவனுக்கு வெளியே என்ன வேலை? இது எங்கும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. எழுதாததாலேயே யாரும் அதைக் கிழித்துப் போடவும் முடியவில்லை.

'இன்ஜின்' என்று கூடத்தில் எல்லோரும் கூப்பிடும் இஸ்திரிக்காரன் சிகரெட் பழகியதே இதனால்தான். சேர்ந்த புதிதில் நீராவிக் கொதிப்பில் கண் இருட்டிக்கொண்டு வர, பக்கத்து மெஷின்காரன் அவனை இழுத்துக்கொண்டு போய் வாயில் ஒன்றைச் செருகிவிட்டான். முதல் இழுப்பில் குடல் வெளியே வருகிற மாதிரி இருமினான். ஆனால் முகத்தில் காற்றுப் பட்டது. காற்றுக்குப் போனவன் புகையோடு திரும்பினான்; போகப் போக அந்தப் பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு. போனது திரும்பாது. மிச்சம் இருக்கறத காப்பாத்திக்கணும்னா இன்னிக்கே விடுங்க" என்றார் டாக்டர். விட்டான். அதோடு காற்றும் போயிற்று.

"விட்டுட்டியாமே, நல்ல பையன்" என்று முதுகில் தட்டிய சூப்பர்வைசர், அவன் வாசல் பக்கம் திரும்பியதும், "அப்ப வெளிய உனக்கென்ன ஜோலி?" என்றார்.

வெந்த துணியின் முன்னால் நாளெல்லாம் நின்றான். நெஞ்சுக்குள் யாரோ நூல் கட்டி இழுப்பது போல இருக்கும். இன்னொரு பக்கம் விரல்கள் தாமாகவே உதட்டுக்கு ஏறும். காட்டிவிட்டால் போதும், கதவு திறக்கும். அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக் கீழே இறக்குவதே தனி வேலையாகிவிட்டது.

இன்று மெஷினின் மேல்தட்டைத் தூக்கியபோது நீராவி முகத்தில் அறைந்தது. மூச்சு அடைத்தது. யாரையும் கேட்காமல் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.

பக்கத்து மெஷின்காரன் பின்னாலேயே ஓடி வந்து ஒரு சிகரெட்டை நீட்டினான். "டேய், பத்த வைக்க வேணாம்டா. சும்மா கையில புடிச்சுக்கோ. சார் அதப் பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவன் சொன்னது தப்பில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையில் பிடித்தால் உதட்டுக்குப் போகும். உதட்டுக்குப் போனால் தீப்பெட்டி தானாக வரும். தன்னைப் பற்றித் தனக்கே தெரியாதா?

"எடுத்துட்டுப் போயிடு. கண்ணு முன்னால நிக்காத."

"வேலை போயிடும்டா, மண்டைக்கனம் புடிச்சவனே!"

அதற்குள் சூப்பர்வைசரே வந்துவிட்டார். "எங்க சிகரெட்டு?"

"இல்லீங்க சார்."

"இல்லாம இங்க எதுக்கு நிக்கறே?"

"மூச்சு விடறதுக்கு."

"அத உள்ள விட முடியாதா?"

"முடியல சார். இத்தனை நாளா நெஞ்சைக் கெடுத்துக்கறதுக்கு அனுப்பினீங்க. இப்ப நல்லா வச்சுக்கறதுக்கு அனுப்ப மாட்டீங்களா? வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. அந்தச் சனியன கையால தொட மாட்டேன்."

சூப்பர்வைசர் வாய் திறப்பதற்குள், துணி மடிக்கும் அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வாசலைத் தாண்டி வந்தாள். வாழ்க்கையில் சிகரெட்டைத் தொடாதவள்.

"உனக்கென்னம்மா?"

"எனக்கும் மூச்சு இருக்குதுங்க, சார். வெளிய மழையா வெயிலான்னு, புகை புடிச்சுட்டு வர்றவங்க தலையப் பாத்துத்தான் இத்தனை வருஷமா தெரிஞ்சுக்கிட்டு வர்றேன்."

யாரோ உள்ளே களுக்கென்று சிரித்தார்கள். "சரியாப் போச்சு, எல்லாரும் வந்துடுங்க!" என்று சூப்பர்வைசர் எரிந்து விழுந்தார்.

அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, மடிப்பு மேஜைக்காரிகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பக்கத்து மெஷின்காரன், தான் நீட்டிய சிகரெட்டை என்ன செய்வதென்று தெரியாமல் காதில் செருகிக்கொண்டான். உள்ளே இஸ்திரி மெஷின்கள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒரு விரிப்பு பாதி வழுக்கித் தரையில் தொங்க, அதை எடுத்துப்போட ஆளில்லை.