ஏறி இறங்கும் விளக்கு

"காதுக்கே கேக்காத சத்தத்துக்கு எதுக்குடி ஒரு பெட்டி?" என்று அம்மா ஒருமுறை மகளைக் கேட்டாள். பதில் கட்டிலில் படுத்திருந்த அண்ணனிடமிருந்து வந்தது.

"அது பாடாதும்மா. பாடுற பெட்டியைப் பின்னால இருந்து ஆட்டி வைக்கும். உன்னை மாதிரி."

மின்னிசைக் கருவியான சிந்தசைசரின் ஒலியை ஏற்றி இறக்க, காதுக்குக் கேட்காத மெதுவான அலைகளைத் தரும் பெட்டிகளை வடிவமைப்பது அவன் தொழில். நோய் கைகளை முடக்கிய பிறகு, அவன் சொல்லச் சொல்லத் தங்கைதான் சாலிடர் வைத்தாள். அலையைக் காட்ட முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு. மெல்ல ஒளிர்ந்து மெல்ல மங்கும். பார்வை குறைந்த அம்மாவுக்குப் பெட்டி தெரியவில்லை; கட்டிலருகே விளக்கை மட்டும் கண்டு, அதை மகனின் மூச்சைக் காட்டும் கருவி என்றே நினைத்துக்கொண்டாள். எட்டிப் பார்ப்பாள். "ஏறி இறங்குது, போதும்" என்று போய்ப் படுப்பாள்.

"சொல்லித் தொலைக்காதே. தூங்கட்டும்" என்றான் அண்ணன். அவளும் சொல்லவில்லை.

இன்று காலை அவனுக்கு அலை இன்னும் மெதுவாக வேண்டியிருந்தது. "பெரிய கெபாசிட்டரா போடு. இறங்குறப்போ எங்கயாவது வெட்டுதான்னு பாரு."

மாற்றினாள். விளக்கு ஏறுவதே தெரியாமல் ஏறியது. முகத்தை அதனருகே வைத்து, இமைக்காமல் பார்த்தாள்.

"வெட்டலண்ணே. வெண்ணெய் மாதிரி இறங்குது."

வரவேண்டிய கேலி வரவில்லை. திரும்பினாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். "இன்னைக்கு நிதானமா மூச்சு விடுறானே! வெந்நீர் கொண்டு வரேன், முகத்தைத் துடைச்சு விடலாம்."

அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். இப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பாடுவாள். தங்கை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

அம்மா கிண்ணத்தோடு வந்தாள். "லைட்டு எங்கடி?"

"அது மூச்சு இல்லம்மா. நாங்க செஞ்ச பெட்டி. அண்ணன்... போயிட்டாம்மா."

"செருகு."

"அம்மா..."

"செருகுடி!"

செருகினாள். விளக்கு மெதுவாக ஏறியது. அம்மா மகனின் மார்பில் உள்ளங்கையை வைத்து, விளக்கையே பார்த்தாள். விளக்கு இறங்கியது. மறுபடி ஏறியது. மார்பில் வைத்த கை ஏறவில்லை.

பிறகு துணியை நனைத்துப் பிழிந்து அவன் முகத்தைத் துடைத்தாள். காது மடலுக்குப் பின்னாலும் துடைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மகளின் பக்கம் திரும்பாமல் வெளியே போனாள்.