நீலப்பூ நைட்டி

பெசன்ட் என்பது கோழியாகவும் ஆகாமல் மயிலாகவும் ஆகாமல் நடுவிலேயே நின்றுவிட்ட ஒரு பறவை. கறிக்கு நல்ல கிராக்கி என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குஞ்சுகளை வாங்கி வந்தவன் கணவன், வளர்த்தவள் அவள். அவித்த முட்டையை உதிர்த்துத் தீவனத்தில் கலந்து, ஊட்டாத குறையாக வைத்தாள். தண்ணீர்த் தட்டில் விழுந்து மூழ்காமலிருக்கக் கூழாங்கற்களைப் போட்டாள். ஒன்றன் முதுகை ஒன்று கொத்திப் பிடுங்காமலிருக்கக் கீரைக்கட்டைத் தொங்கவிட்டுப் பராக்குக் காட்டினாள். இப்போது அவை கொழுகொழுவென்று வலைக்கூண்டு நிறைய உலாத்தின. அவள் உள்ளே போனால் காலைச் சுற்றி வந்தன.

கணவன் போனால் கதையே வேறு. ஒரு தடவை சிவப்புச் சட்டையோடு நுழைந்தான். அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பி வலையில் மோதின. ஒன்று கழுத்து ஒடிந்து விழுந்தது. அதை அடக்கம் செய்தது அவன் வயிறுதான்.

இந்தக் கூத்தில் தங்கையின் கைக்குழந்தையை அவள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அது குப்புறக் கவிழவும் கற்றுக்கொண்டுவிட்டதாம்.

“இந்த வாரம் நான் போயே ஆகணுங்க.”

“தாராளமா போ. ஆனா அதுங்க உன்னைத் தவிர யாரையும் கிட்ட சேர்க்காதுங்களே. உன் கைராசி அப்படி.”

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு தித்திப்பும் கிடந்தது. இந்த வீட்டில் அவளைக் கண்டதும் ஓடி வருகிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிரவே இல்லை. “அதுங்களுக்கு ஆளா தெரியும்? இவளோட நீலப்பூ நைட்டிதான் தெரியும். அன்னைக்கு மஞ்சள் புடவையில போனாளே, தெறிச்சு ஓடுச்சுங்களே. ஜன்னல்ல பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்.”

அவள் முகம் சுண்டிப்போனது. பூனை ஏதாவது வந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி அவள் மூடி வைத்திருந்த சங்கதி அது.

“டேய், நீ அதை மாட்டிக்கிட்டுப் போய்ப் பாரேன்.”

“சும்மா இரும்மா. யாராவது பார்த்தா என் மானம் என்னத்துக்கு ஆகும்?”

“சிவப்புச் சட்டையில மட்டும் ரொம்ப வாழ்ந்துச்சாக்கும்.”

மறுநாள் காலை நைட்டி கூண்டுக்குள் போனது. தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. பூக்களுக்கு மேலே மீசை. பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி தீவன வாளியோடு அவன் அடியெடுத்து வைத்தான். ஒன்றுகூடப் பறக்கவில்லை. எல்லாம் ஓடி வந்து அவன் காலைச் சுற்றிக்கொண்டன.

பயணத்துக்குப் புடவை கட்டி நின்ற அவள், வலைக்குள் விரலை நீட்டினாள். முட்டை உதிர்த்த அதே விரல்தான். அருகிலிருந்த பறவை துள்ளி விலகி, அவன் நைட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிறும் எரிந்தது.

“பாரு, கூச்சம் காட்டுதுங்க,” என்று அவன் நெளிந்தான். “ரெண்டு நாள்ல வந்துடுவேல்ல?”

“இங்க யாரு என்னைத் தேடப்போறா? ஒரு வாரம் இருந்துட்டு வரேன்.”

“ஒரு வாரமா?”

“குழந்தை முகம் பார்த்துச் சிரிக்குதாம். நான் யாருன்னு அதுக்காவது தெரியட்டும்.”

பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசல் வரை நடந்துவிட்டாள். அங்கே நின்று, எந்தப் புடவையைக் கட்டியிருக்கிறோம் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.