ஸ்வென்யா ஹொம்மெஸ் சுமந்த ஈயம்

காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்வென்யா ஹொம்மெஸ் எழுந்தாள். காபிக்குத் தண்ணீர் வைத்தாள். கம்பு ரொட்டியில் நான்கு துண்டு வெட்டினாள். குளியலறைக்குப் போய் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றாள். அது பூஜ்யம் காட்டியது. "பூஜ்யம்," என்று குரல் கொடுத்தாள். கணவன் யோஸ்ட் சுவர் நாட்காட்டியில் அதைக் குறித்தான். பிறகு இருவரும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் முதல் ஞாயிறு வரை எல்லாக் காலையும் இப்படித்தான்.

அதற்கு முன் அவள் அறுபது கிலோ இருந்தாள். அடெனாவில் கூரை வேய்பவரின் மகள். ஜெர்மனியின் ஐஃபெல் மலையில் எல்லா வீட்டுக்கும் கற்பலகைக் கூரைதான், ஆகவே வேலைக்குக் குறைவில்லை. எட்டு வயதில் சிறுவர் வண்டிப் பந்தயம், பத்தொன்பதில் முதல் கோப்பை, இருபத்தேழில் டூரிங் கார். கடையில் விற்கிற காரின் உருவம்தான் அதற்கும். கதவு உண்டு, இடித்தால் நசுங்கும், இடிக்காமல் யாரும் ஓட்டுவதில்லை. வார நாளில் அப்பாவின் கூரைகள், ஞாயிறு பந்தயம்.

அந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவரின் காரில் அடுத்த முறை ஐந்து கிலோ ஈயம் ஏற்றி முத்திரை வைப்பார்கள். மறுபடி ஜெயித்தால் இன்னும் ஐந்து. ஒருவரே ஜெயித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. ஸ்வென்யா முதலில் ஜெயித்த அன்று, கோட்டைத் தாண்டிய கணத்தில், அவள் உடம்பில் ஐந்து கிலோ குறைந்தது. இரண்டாம் வெற்றியில் இன்னும் ஐந்து. காரும் ஓட்டுநரும் சேர்ந்து ஆயிரத்து இருநூறு கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈயம் ஏற ஏற அவள் இறங்கினாள். கூட்டினால் அதே ஆயிரத்து இருநூறு. மருத்துவர் பார்த்தார். உயரம் அதே, கன்னம் அதே, கால்சட்டை அளவு அதே. ஓட்டுநர் தனியாக எவ்வளவு இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. பந்தய அதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

ஹாம்பர்க்காரன் டோர்பென் வெசெல் மட்டும் விடவில்லை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் பட்டத்தை அவன்தான் எடுத்தான், மூன்றிலும் அவள் இரண்டாவது. "ஏய் ஓடுக்காரி, உன் எடைய எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். "உன் தொப்பைலதான். பத்திரமா பாத்துக்க," என்றாள். அவள் அப்பாவுக்கோ மகிழ்ச்சி. அவள் நடந்த கூரையில் ஒரு பலகைகூட உடைவதில்லை. காற்று நாளில் மட்டும், கூரை மடிப்புகளில் அடிக்கும் ஈயத்தகட்டைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள்.

பன்னிரண்டாவது வெற்றியில் பூஜ்யம் வந்தது. கடைசிப் பந்தயம் சொந்த ஊர்ப் பந்தயப் பாதையில். ஜெயித்தால் பட்டம். ஜெயித்தால் பூஜ்யத்துக்கும் கீழே ஐந்து. ரொட்டிக்கடையில் இதே பேச்சு. "மேல போயிடுவாளே," என்றாள் கடைக்காரி லையன்டெக்கர். "போகட்டும். ஜெயிச்சுட்டுத்தானே போறா," என்றான் அவள் காரின் மெக்கானிக் கூனோ. கடையில் யாரும் மறுக்கவில்லை.

அந்த ஞாயிறு காலை யோஸ்ட் கேட்டான்: "ரெண்டாவதா வந்தா என்ன?"

"மூணு வருஷம் ரெண்டாவதாத்தான் வந்தேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம் நான்?"

"நீ நேரம் குறிச்சுக்க," என்றாள். அவளுடைய சுற்று நேரங்களைக் குறிப்பவன் அவன்தான். குறித்தான். முப்பத்தொரு சுற்று, கடைசிச் சுற்று எல்லாவற்றிலும் வேகமானது. டோர்பெனுக்குப் பத்தில் நான்கு பங்கு வினாடி முன்னால் அவள் கோட்டைத் தாண்டினாள். கொடிக்குப் பிறகு வரும் மெதுவான சுற்றில் எல்லாரும் ஓரமாக ஓட்டுவார்கள். உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துணுக்குகள் சூடான டயரில் ஒட்டினால் எடை மேடையில் ஒன்றிரண்டு கிலோ கூடும். கோட்டில் குறைந்ததை ஈடுகட்ட ஸ்வென்யாவுக்கு எப்போதும் ஐந்து தேவை. ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்தாள். மேடை ஆயிரத்து இருநூறும் கால் கிலோவும் காட்டியது. அதிகாரி கையெழுத்திட்டார். பட்டம் அவளுடையது.

மேடை ஓரத்தில் யோஸ்ட் நின்றான். அவன் கையில் கூரை ஈயத்தில் இரண்டு வாரமாகத் தைத்த இடுப்புப் பட்டை, எட்டு கிலோ. கதவைத் திறந்து நீட்டினான். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். பட்டையைத் தொட்டுப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். பிறகு இருக்கை வார்களை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள். கார் உயரம், கொட்டகை உயரம், கொடிக்கம்ப உயரம். அவசரமில்லாமல் போனாள். முதலில் கை தட்டியவன் டோர்பென். பிறகு நாற்பதாயிரம் பேரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். அவள் அப்பா பக்கத்தில் இருந்தவர்களிடம், "என் பொண்ணு," என்றார்.

ஊர்ப் பதிவு அலுவலகத்தில் இதற்குக் கட்டம் இல்லை. ஓராண்டு பொறுத்து, முப்பத்திரண்டு வயது யோஸ்டை மனைவியை இழந்தவன் என்று எழுதினார்கள். எஞ்சின் இல்லாத சறுக்கு விமானம் ஓட்டுபவர்கள் மேற்குக் காற்றில் அவளைப் பார்க்கிறார்கள், இறக்கையை ஆட்டி வணக்கம் சொல்கிறார்கள். பந்தய நாளில் மேகம் தாழ்ந்தால் ஊரார் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடை எடுத்துக்கொள்வார்கள்.

மேலே போகும்போது "ஜெர்மனி வாழ்க" என்றாள் என்று செய்தித்தாள் எழுதியது. "எனக்காக அழாதீங்க" என்றாள் என்று லையன்டெக்கர் சொல்கிறாள். அவள் கால் அவன் தோள் உயரத்தில் இருந்தபோது யோஸ்டுக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"ஈயம் போதும், யோஸ்ட். மூணாவது கியர் சிக்குது, கூனோகிட்ட சொல்லிடு."