கை படாமல் பத்துச் சுற்று

டில்லிபாபுவுக்கு இரண்டு உத்தியோகம். வாரநாட்களில் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதும் கிளார்க். சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், கொருக்குப்பேட்டையில் தன் வீட்டு மாடி அறையில், வட சென்னை சிற்றளவு ரயில்வேயின் ஜெனரல் மேனேஜர். முதல் உத்தியோகத்தில் அவருக்கு யாரும் எழுந்து வணக்கம் வைத்ததில்லை. இரண்டாவதில் வணக்கம் வைக்க ஆளே இல்லை. இருந்த ஒரே ஊழியர், வண்ணாரப்பேட்டையில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த அமீருதீன். ஒயரிங் வேலைக்கு வருவார். வந்தால் ஜெனரல் மேனேஜரை ‘மாமு’ என்றுதான் கூப்பிடுவார்.

ரயில்வே முழுவதும் ஒரு பிளைவுட் மேஜைமேல் அடங்கியிருந்தது. சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குத் தண்டவாளம், கட்டைவிரல் உயரத்துக்கு எஞ்சின். கொருக்குப்பேட்டை ஸ்டேஷன், கூட்ஸ் யார்டு, லெவல் கிராசிங் கேட், கேட்டுக்குப் பக்கத்து டீக்கடை எல்லாம் இருந்தன. பேட்டையின் குப்பைமேட்டை மட்டும் ஜெனரல் மேனேஜர் அனுமதிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு மலை வைத்திருந்தார். மலை உச்சியில் பனி.

“நம்ம பேட்டைல மலை எங்கய்யா கீது?” என்று அவர் மனைவி நர்மதா கேட்டபோது அவர் உச்சிக்கு இன்னொரு பூச்சுப் பனி பூசினார். பதில் சொன்னது அமீருதீன்தான். “எண்ணூர் பவர்ஹவுஸ் சாம்பல் மேடுமா அது. வெள்ளையடிச்சு வுட்டுக்கீறாரு.”

மலையால் தொல்லையில்லை. தொல்லை, வீட்டின் பின்சுவரை ஒட்டிப் போகும் நிஜத் தண்டவாளத்தால். அதில் நிலக்கரியோ கன்டெய்னரோ ஏற்றிய கூட்ஸ் வண்டி போனால் வீடு மொத்தமும் நடுங்கும். வீட்டோடு மேஜையும் நடுங்கும். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயின்ட்டில் குட்டி எஞ்சின் தடம்புரண்டு டீக்கடைக்குள் தலையை விடும். அதனால் டில்லிபாபு ஒரு வழக்கம் வைத்திருந்தார். தெருமுனை ரயில்வே கேட்டை மூடுவதற்கு முன்னால் மணி அடிக்கும். மணி கேட்டதும் ஒரு கை சுவிட்சை அணைக்கும், மறுகை மலையைப் பிடிக்கும். அதே நொடியில் கீழே சமையலறையில் நர்மதாவின் கை டம்ளர் அலமாரியைப் பிடித்திருக்கும். இரண்டு பேரும் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள்.

இப்போது வந்திருந்த கவலை வேறு. சிற்றளவு ரயில் ஆர்வலர் பேரவை ஜனவரியில் கண்காட்சி நடத்துகிறது. சென்னையிலிருந்து ஒரே ஒரு மேஜை ரயில்வேக்கு, அவர்கள் பாஷையில் லேஅவுட்டுக்கு, மட்டும்தான் இடம். டில்லிபாபு பேர் கொடுத்ததும் வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார்: ‘நார்த் மெட்ராஸில் லேஅவுட்டா? பேஷ்!’ பக்கத்தில் கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் ஒரு மஞ்சள் முகம். அந்த மஞ்சள் முகம் அன்றிலிருந்து டில்லிபாபுவின் சோற்றுத் தட்டிலும் தலையணையிலும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அந்த இடம் கிடைத்தால்தான் அது வாயை மூடும்.

பேரவைத் தலைவர் மனோகரன் நேரில் வந்து சோதிக்கப்போகிறார். விதி ஒன்றுதான்: ரயில் நிற்காமல், தடம்புரளாமல், கை படாமல் பத்துச் சுற்று ஓட வேண்டும்.

டில்லிபாபு இதற்கு ஒரு கணக்குப் போட்டிருந்தார். “தலைவரு கார்ல வராரு பாய். கேட்டு எப்பவும் மூடித்தான கெடக்கும், அங்கியே நிப்பாரு. கூட்ஸு பூடும். கேட்டு தொறக்கும். அவரு உள்ள வருவாரு. அப்பதான் வண்டி போயிருக்கும்ன்றதால அடுத்த வண்டி வர டைம் ஆவும். அந்த கேப்ல பத்து ரவுண்டு அடிச்சிரலாம்.”

“சோக்கா கீது மாமு. அவரு வாயத் தொறக்காம இருக்கணும், அவ்ளோதான்.”

ஞாயிறு காலையில் டில்லிபாபு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ராத்திரி படிந்த கடல் உப்பை ரப்பரால் தேய்த்துத் தண்டவாளத்தைப் பளபளக்க வைத்தார். மொட்டை மாடிக்கு ஓடிக் கேட்டைப் பார்த்தார். இறங்கி வந்து மறுபடி தேய்த்தார். வெள்ளைச் சட்டை போட்டுக் கறுப்பு டை கட்டியிருந்தார். டை நுனி எஞ்சின்மேல் பட்டதால் அதைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

“ஒரு எடத்துல குந்துய்யா. பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இப்டி லோல்படல” என்றாள் நர்மதா.

“அப்ப நீ ஓக்கேன்னுதான் சொல்லப்போறன்னு தெரியும்.”

“தெரியுமா? எனக்கே தெரியாது.”

எல்லாம் கணக்குப்படிதான் நடந்தது. தலைவர் கேட்டில் நின்றார். கூட்ஸ் போனது. வீடு ஆடி முடித்தது. கேட் திறந்தது. தலைவர் வந்தார்.

மனோகரன் சோப்பு கம்பெனி ஒன்றில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பெசன்ட் நகர் வீட்டில் ஒரு முழு ஜெர்மன் கிராமத்துக்குச் சொந்தக்காரர். மேஜைமேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியால் டீக்கடையை ஆராய்ந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“மிஸ்டர் டில்லிபாபு, ரயில்வே என்றால் என்ன? நேரம். ஒழுங்கு. எங்கள் கிராமத்தில் ஒரு வண்டி கிளம்பினால்…”

ஜெர்மன் கிராமத்தின் வரலாறு, அதன் மேயர், தேவாலயத்துக் கடிகாரத்துக்குப் பல்சக்கரம் வரவழைத்த கதை என்று நேரத்தின் அருமையை நிதானமாக விளக்கினார். டில்லிபாபுவின் ஒரு காது கேட்டில் இருந்தது. கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார். தோளிலிருந்த டை நழுவி முன்னால் விழுந்தது.

“ஆரம்பிக்கலாங்களா சார்?”

“அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கலை இல்லை” என்றார் தலைவர். இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் தலையசைத்தார்.

ரயில் ஓடியது. அழகாகத்தான் ஓடியது. பாயின்ட்டில் இடறவில்லை, வளைவில் தயங்கவில்லை. தலைவர் விரல்விட்டு எண்ணினார். எட்டாவது சுற்றில் தெருமுனையில் மணி அடித்தது.

டில்லிபாபுவின் மூளை ‘வேண்டாம்’ என்றது. கை அதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டு மலையைப் பிடித்திருந்தது.

“ஏன் நிறுத்தினீர்கள்?” என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள் கன்டெய்னர் வண்டி வந்துவிட்டது. ஜன்னல் கம்பி கிடுகிடுத்தது. மேலே ஃபேன் ஆடியது.

“எர்த்க்வேக்!” என்று அலறிக்கொண்டு தலைவர் மேஜைக்கு அடியில் புகுந்தார். டில்லிபாபுவும், ஒயரிங் பார்க்க வந்திருந்த அமீருதீனும் நின்ற இடத்தில் நின்றார்கள். கீழேயிருந்து நர்மதாவின் குரல் வந்தது: “சார் நாஸ்தா துன்னாராய்யா?”

வண்டி போனதும் தலைவர் வெளியே வந்தார். தலையில் ஒயர் துண்டும் பச்சை ஸ்பாஞ்சுப் புல்லும் ஒட்டியிருந்தன.

“அது நம்ம கூட்ஸு சார். டெய்லி போறதுதான்” என்றார் அமீருதீன்.

தலைவர் புல்லைத் தட்டிக்கொண்டார். “எட்டாவது சுற்றில் நின்றது. கை பட்டது. விதி விதிதான். அடுத்த வருடம் பார்க்கலாம்.”

டில்லிபாபுவின் முகம் தொங்கிப்போனது. மஞ்சள் முகம் எங்கோ உருண்டு உருண்டு சிரித்தது.

தலைவர் படியிறங்கிப் போனார். போன வேகத்தில் வியர்வையில் குளித்துத் திரும்பி வந்தார். கேட்டுக்கு நடுவே ஒரு நீளமான நிலக்கரி வண்டி சிக்னல் கிடைக்காமல் நின்றிருந்தது. அவருடைய கார் லாரிகளுக்கும் மீன்பாடி வண்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

“எப்போது திறப்பார்கள்?”

“அத்த கேட்டாண்டதான் கேக்கணும். குந்து சார்” என்றார் அமீருதீன். நர்மதா சோறும், காசிமேட்டிலிருந்து காலையில் வந்த நெத்திலியின் வறுவலும் வைத்தாள். தலைவர் வேண்டாம் என்றார். பிறகு கொஞ்சம் என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

நிலக்கரி வண்டி ஒருவழியாக நகர்ந்தது. கேட் திறக்கும் என்று பார்த்தால் அடுத்த வண்டிக்காக மூடியே வைத்தார்கள். சும்மா உட்கார முடியாத தலைவர் கையைக் கழுவிக்கொண்டு சுவிட்சின் பக்கம் வந்தார். “நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா?”

ஓட்டினார். வண்டி வரும் சத்தம் கேட்டதும் அமீருதீன் கத்தினார்: “சுச்சு சார்! மலையப் புடி சார்!” தலைவர் பதறி அணைத்தார், பிடித்தார், வீடு ஆடியது, எஞ்சின் பிழைத்தது. கேட் திறந்தது, தலைவர் கிளம்பவில்லை. மறுபடி மணி. மறுபடி “சுச்சு!” அதற்கடுத்த தடவை அமீருதீன் வாயைத் திறப்பதற்குள் தலைவர் அணைத்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். ஜெர்மன் கிராமத்தைப் பற்றி வெகுநேரமாகப் பேச்சே இல்லை.

“மிஸ்டர் டில்லிபாபு,” என்றார் கடைசியில், “உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறேன். பழக்கதோஷம் உங்கள் கையில் இருக்கிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். வண்டியை நானே கவனிக்கிறேன்.”

டில்லிபாபு சுவரோரம் போய் நின்றார். கட்டிய கைகள் ஒன்றையொன்று பிசைந்தன. ஐந்து, ஆறு, ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாவது சுற்றில் எஞ்சின் மலையைத் தாண்டியது. ஸ்டேஷன் ஒரு சாண் தூரம்தான்.

மணி அடித்தது.

ரயில் நின்றது. யாரும் கத்தவில்லை. தலைவரின் வலது கை சுவிட்சில் இருந்தது, இடது கை மலையில். வீடு ஆடி ஓயும் வரையில் மூன்று பேரும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா சார்,” என்றார் அமீருதீன் மெதுவாக, “கை பட்டுச்சே.”

தலைவர் மலையை விட்டார். உள்ளங்கையில் பனி ஒட்டியிருந்தது. தொண்டையைக் கனைத்தார். “சிக்னலுக்காக ஸ்டேஷனுக்கு வெளியே நிற்பது நிற்பதாகாது. அது இயக்கத்தின் ஓர் அங்கம். பேரவை விதிகளில் இது… இருக்கிறது. இல்லாவிட்டால் சேர்க்கப்படும்.” சுவிட்சைப் போட்டு ரயிலை ஸ்டேஷனில் சேர்த்தார். “பத்து. ஜனவரியில் சந்திப்போம். அந்த எர்த்க்வேக் விஷயம் குழுவில் வரவேண்டியதில்லை.”

கார் கேட்டைத் தாண்டியதை மொட்டை மாடியிலிருந்து பார்த்துவிட்டு டில்லிபாபு இறங்கி வந்தார். நர்மதா அவர் வாயில் ஒரு நெத்திலியைத் திணித்தாள். “ஜெயிச்சுட்டல்ல? இனிமேலாவது கம்முனு குந்து.”

டில்லிபாபு உட்கார்ந்தார். உடனே எழுந்தார். மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“பாய், அந்த எக்ஸிபிஷன் ஹால் ஆடாதுல்ல?”

“ஆடாது மாமு. ஏசி ஹாலு. கல்லு மாதிரி நிக்கும்.”

“மணியும் அடிக்காது.”

“அடிக்காது. நிக்காம ஓடிக்கினே இருக்கும். அத்தத்தான கேட்ட?”

டில்லிபாபு டையின் நுனியைக் கடித்தார். “ஆடாம நின்னா எவன் பாய் கொருக்குப்பேட்டைன்னு நம்புவான்? மேசைக்கு அடில ஒரு மோட்டார் வச்சு ஆட்ட முடியுமா?”

அமீருதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தினி வருசமா ஆட்டத்த நிறுத்தறதுக்குப் பேஜாரு குடுத்த. இப்ப ஆட்டறதுக்கா?”

“ஒரு மணியும் வேணும்.”

“மோட்டாரு எதுக்கு?” என்றாள் நர்மதா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. “என்ன இட்டுகினு போ. மேசைக்கு அடில குந்தி நானே ஆட்டறேன். சாருக்கும் அடில எடம் வுடறேன், அவருக்குப் பழக்கமான எடம்தான.”

தெருமுனையில் மணி அடித்தது. டில்லிபாபுவின் கை, நின்றுகொண்டிருந்த ரயிலின் சுவிட்சுக்குப் பாய்ந்தது.