எண்பத்திரண்டு கிலோ

என் கணவரின் எடை எண்பத்திரண்டு கிலோ, என் எடை தொண்ணூற்றொன்று. மருத்துவமனையில் டாக்டர் இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என் முட்டியைப் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தின வாரம்தான் நானும் கணவரும் கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் விழுந்து கிடந்தோம். பக்கவாதம் வந்ததில் அவருடைய வலது கையும் வலது காலும் போயிருந்தன. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கப் போனேன், என் முட்டி மடங்கிவிட்டது. அவர் கீழே, நான் மேலே. எதிர்வீட்டு டீச்சர் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து வரும்வரை நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தோம். "நல்லவேளை, நீ மேல விழுந்த. குளிர் தெரியல" என்றார் கணவர், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாளே கொழுந்தன் வந்து நின்றான். அடுத்த தெருவில்தான் வீடு. நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றை ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். இரண்டு மணி நேரப் பயணம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க விடுவார்களாம்.

"அங்க ரெண்டு பேரா சேர்ந்து தூக்குவாங்க அண்ணி. அண்ணனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் நிம்மதி."

நிம்மதி என்று யாராவது சொன்னாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்தாறு வருடமாகப் பக்கத்தில் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத் தொலைவில் விட்டுவிட்டு வந்து, நான் எந்தச் சுவரைப் பார்த்து நிம்மதியாக இருப்பது? அவனிடம் அப்படிக் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். "ஒரே ஆள் அவரைக் கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாத்த முடிஞ்சா வீட்லயே வெச்சுக்கலாம். நீங்க எடையைக் குறைக்கணும், உடம்புல பலத்தையும் ஏத்தணும். ஒண்ணு மட்டும் செஞ்சா முட்டி தாங்காது. பத்து வாரம் கழிச்சு இங்க வந்து என் முன்னாடி செஞ்சு காட்டுங்க."

"முடியலைன்னா?" என்றான் கூட வந்திருந்த கொழுந்தன்.

"முடியலைன்னா நீ சொன்ன இடம்" என்றேன் நான். வீம்புக்குச் சொன்னது.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது என் வேலை. ஒரு சின்ன அறை, இரண்டு திரைகள், ஒரு மைக். காலை ஆறிலிருந்து இரண்டு வரை உட்கார்ந்தபடியே ஊரிலுள்ள எல்லோரையும் கிளப்பி அனுப்புவேன். ரயில் தாமதமாக வந்தால் "வருந்துகிறோம்" என்பேன். வீட்டில் ஒருநாளும் அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை என்று கணவர் கிண்டல் செய்வார். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே பிஸ்கட். சர்க்கரை தூக்கலாக நாலு டீ. பதினெட்டு வருடம் இப்படி ஓடியதில் தொண்ணூற்றொன்றை எட்டினேன், யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல.

டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் அந்த ஜிம் இருந்தது. இருபத்திரண்டு படி. முதல் நாள் ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் அங்கே எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்னக்கா, எத்தனை கிலோ குறைக்கணும்?"

"குறைக்கறது அப்புறம். எண்பத்திரண்டு கிலோ தூக்கணும். பத்து வாரத்துல."

அவள் சிரிக்கவில்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது. யாரை, எங்கிருந்து எங்கே தூக்க வேண்டும் என்று கேட்டாள். பிறகு ஒரு துடைப்பக் குச்சியைக் கையில் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னாள். பத்து தடவை. ஏழாவதில் முட்டி 'களக்' என்றது, எட்டாவதில் எனக்குக் கண் இருட்டியது.

"முதுகால தூக்காதீங்க. கால்தான் தூக்கணும். முதுகு சும்மா கூட வரணும்."

அடுத்தடுத்த வாரங்களில் குச்சி போய் இரும்புக் கம்பி வந்தது. கம்பி போய் மணல் மூட்டை வந்தது. மூட்டையைக் குழந்தையைப் போல நெஞ்சோடு கட்டிப்பிடித்து எழ வேண்டும், கால் மாற்றித் திரும்ப வேண்டும், மெதுவாக இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் அவளுக்குப் பிடிக்காது. "அக்கா, அது உங்க வீட்டுக்காரர்" என்பாள். உடனே என் கை மெதுவாகிவிடும்.

சாப்பாட்டையும் மாற்றினேன். பிஸ்கட் டப்பாவில் வேகவைத்த பயறு, டீயில் சர்க்கரை கிடையாது, ராத்திரி சோறு பாதி, காய் இரண்டு பங்கு, ஒரு முட்டை. இதில் கஷ்டம் பசி இல்லை. எடை மெஷின்தான். முதல் வாரம் தொண்ணூற்றொன்று. இரண்டாம் வாரம் தொண்ணூறரை. மூன்றாம் வாரம் மறுபடி தொண்ணூற்றொன்று. காலையில் ஏறுவேன், வேலை முடிந்து ஏறுவேன், படுக்கும் முன் செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி ஏறுவேன். என்னவோ வளையல்தான் வில்லன் என்பது போல. "மெஷினை ஏன்க்கா போலீஸ் மாதிரி விசாரிக்கிறீங்க? வாரத்துக்கு ஒருநாள் போதும்" என்றாள் மாஸ்டர். என்னால் முடியவில்லை. அந்த நாட்களில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போலத்தான் அலைந்தேன். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்துவிட்டு ஓடி வருவேன். வெளியே போக நேரமில்லையென்றால் அறையிலேயே உட்கார்ந்து எழுவேன். ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே தாமத அறிவிப்பைச் சொல்லிவிட்டேன். நிலைய அதிகாரி கதவைத் திறந்து, "யாராவது துரத்துறாங்களா?" என்று கேட்டார்.

துரத்தத்தான் செய்தது. ஒவ்வொரு ஞாயிறும் போனதும் ஒரு வாரம் குறைந்தது.

வார நாட்களில் நான் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவேன். கணவருக்கான காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் இரண்டு டப்பாக்களில் போட்டு ஜன்னலோர மேசையில் வைத்துவிடுவேன். இடது கையால் தானே சாப்பிட்டுக்கொள்வார். ஏழு மணிக்குக் கொழுந்தன் வந்து அவரை ஜன்னலருகே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவான், சாயங்காலம் வந்து கட்டிலில் படுக்க வைப்பான். நான் ஜிம் முடித்து நாலரைக்கு வந்து பார்த்தால் டப்பாக்கள் வழித்து வைத்த மாதிரி இருக்கும். எனக்கு அது திருப்தியாக இருந்தது. ராத்திரி மட்டும் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். "உனக்கு எவ்ளோவோ... அவ்ளோதான்... எனக்கும்" என்பார். நான் தனியாக வாயைக் கட்ட வேண்டாமென்று துணைக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். மதியம்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறாரே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. அவர் இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி, அதன் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, என் முட்டியால் அவருடைய வலது முட்டிக்கு முட்டுக் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணித் தூக்க வேண்டும். கொழுந்தன் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். மூன்றாம் வாரம் அவர் அசையவே இல்லை. ஐந்தாம் வாரம் பாதி எழுந்து கட்டிலிலேயே விழுந்தார். ஒவ்வொரு தடவையும் என் முட்டி 'களக்' என்னும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். விழுவோம் என்ற பயம் என்று நினைத்தேன்.

எட்டாம் வாரம் எழுந்துவிட்டார். முழுசாக. என் தோளில் அவர் தாடை இருந்தது. நான் காலை மாற்றித் திரும்பி, நாற்காலியில் பூப்போல இறக்கினேன். கொழுந்தன் நீட்டிய கையை மடக்காமலேயே நின்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மட்டும் நாலு தடவை அவரைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் மாற்றினேன். "போதும்டி... நான் என்ன... நாற்காலியா" என்றார். மாஸ்டருக்கு போன் போட்டுச் சொன்னேன். என் எடையும் எண்பத்தைந்துக்கு வந்திருந்தது. அவருக்குக் கட்டும் பெல்ட்டில் மூன்றாவது ஓட்டையில் மாட்டிய கொக்கி இப்போது ஐந்தாவது ஓட்டைக்கு வந்திருந்தது. இறுக்கிக் கட்டப் பழகிவிட்டேன் என்று அதற்கும் என்னையே மெச்சிக்கொண்டேன்.

பத்தாம் வாரம் டாக்டர் முன்னால் செய்து காட்டினோம். பெல்ட், முட்டி, ஒன்று இரண்டு மூன்று. ஒரு தடுமாற்றம் இல்லை. டாக்டர் இரண்டாவது தடவை செய்யச் சொன்னார், அதையும் செய்தேன். "நல்லா கத்துக்கிட்டிருக்கீங்க" என்றார். கொழுந்தன் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினான். நான் அவனைப் பார்த்த பார்வையில் கர்வம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பத்து வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

கிளம்பும் முன் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியோடு அவரைத் தரையில் பதித்த எடை மெஷின்மேல் தள்ளினாள். நாற்காலியின் எடையைக் கழித்துவிட்டுச் சொன்னாள்: "எழுபத்தொண்ணு."

டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். மறுபடி எடை போடச் சொன்னார். மறுபடியும் எழுபத்தொன்று. கணவரின் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தார், நல்லபடியாக இருந்த இடது தொடையைக் கையால் பிடித்துப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். பத்து வாரமாகத் தினமும் கண்ணாடியில் என்னைப் பார்த்தவள், இவரை அப்போதுதான் பார்த்தேன்.

"பதினோரு கிலோ. இவருக்கு யார் சாப்பாடு குடுக்கறது?"

கொழுந்தன் என் பக்கம் திரும்பினான். "அண்ணி... நீங்க எடை குறைக்கறேன்னு அவரையும் சேர்த்துப் பட்டினி போட்டீங்களா?"

காலையில் இரண்டு டப்பா, ராத்திரி என்னோடு என்று சொல்ல வாயெடுத்தேன். ராத்திரி எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தத் தட்டில் போட்டது நான்தானே.

"அவ இல்ல" என்றார் கணவர். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் சொல்லி முடிக்க நேரமாகும். "நான்தான். டப்பாவை... ஜன்னல்ல... புறாவுக்குப் போட்டேன்."

"ஏன்?" என்றார் டாக்டர்.

"அவ முட்டி... சத்தம் போடுது. தூக்கறப்ப... என் காதுகிட்ட... கேக்குது."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கரைந்தது கொழுப்பு மட்டும் இல்லை, சதையும் சேர்ந்துதான் என்றார். நல்ல காலில் இருந்த சதையும் போனால் இனி எழுந்து நிற்கிற வாய்ப்பே போய்விடும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னிக்கு நான் பார்த்தது செல்லாது. இவர் பழைய எடைக்கு வரட்டும். அப்ப தூக்கிக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் எதுவும் எழுதல."

கொழுந்தன் காரை ஓட்டினான். வீட்டில் அவரை இறக்கி ஜன்னலருகே உட்கார வைத்துவிட்டு, வாசலில் நின்று, "அண்ணி, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான். "கேக்க வேண்டியதுதான். நானே கேட்டிருக்கணும்" என்றேன்.

அவன் போன பிறகு கத்தினேன். என்னவெல்லாமோ கத்தினேன். நான் அங்கே மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்துச் சாகிறேன், நீங்கள் இங்கே உட்கார்ந்து உங்களைக் கரைத்துக்கொண்டிருந்தீர்களா என்றேன். என் பலம் என்று நான் துள்ளியதெல்லாம் உங்கள் பட்டினியா என்றேன். சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடுவே எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது, அவமானத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இந்த வீட்டில் தன் பாரம் கொஞ்சமாவது குறையட்டும் என்று ஒரு மனுஷர் எழுபது நாள் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த எழுபது நாளும் நான் வளையலைக் கழற்றி எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்ந்ததும் அவர், "பசிக்குது" என்றார்.

தட்டு நிறையச் சோறு போட்டேன். பருப்பு, காய், இரண்டு முட்டை. ஸ்பூனை அவர் கையில் கொடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் முன்னால் உட்கார்ந்து நானே ஊட்டினேன். நாலு வாய் வாங்கினார். ஐந்தாவது வாயை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எம்பத்திரண்டு ஆனா... தூக்கிருவியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். எண்பத்திரண்டு கிலோவை நான் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை என்பது இப்போது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"தெரியலைங்க" என்றேன். "வாயைத் திறங்க."

திறந்தார்.