சொன்னால் கேட்பதில்லை

ஞாயிற்றுக்கிழமை சலூனைப் பூட்டுகிறவனுக்கு ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லை அவன் வீட்டில் கல்யாணமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. பட்டறைக்காரனின் மனைவி முந்தின நாள் கடை வாசலில் வந்து நின்றதுதான் காரணம்.

பட்டறைக்காரன் பள்ளிக்கூட நாளிலிருந்தே என் நண்பன். தகரம் அடித்துப் பெட்டியும் பீரோவும் செய்கிற இடத்தில் வேலை. அவன் மனைவி எனக்குக் கூடப் பிறக்காத தங்கை. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள்.

"அண்ணே, உங்க ஃப்ரெண்டுக்கு என்னைப் பிடிக்காம போயிடுச்சு. என்ன சொன்னாலும் கேக்குறதில்ல. செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி நிக்கிறாரு. நேத்து நான் அழுதுகிட்டே பேசுறேன், அவரு முதுகைக் காட்டிக்கிட்டு சட்டை தேய்க்கிறாரு."

"எந்த ஊர்லம்மா புருஷன் பொண்டாட்டி சொன்னதைக் கேட்டிருக்கான்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்லண்ணே. நாளைக்கு அவரோட இருந்து என்னன்னு விசாரிங்க. இல்லேன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அதனால்தான் கடைக்குப் பூட்டு.

காலையில் மைதானத்துக்குப் போனோம். தொப்பை வந்த பிறகு என்னைக் கோல்கீப்பர் ஆக்கிவிட்டார்கள். இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால் போதுமாம். பட்டறைக்காரன் எனக்கு முன்னால் தடுப்பாட்டம். ஒரு பந்து உயரமாக எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. நான் அவனுடைய இடப்பக்கத்திலிருந்து ஓடி வந்தபடியே, "விடு! விடுடா, என்னுது!" என்று கத்தினேன். அவன் விடவில்லை. இரண்டு பேரும் மோதி உருண்டோம். பந்து சாவகாசமாக எங்கள் கோலுக்குள் போய்ச் சேர்ந்தது.

"தொண்டை கிழியக் கத்துனேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நீ எங்க பிடிக்கப்போறேன்னு நெனச்சேன்."

நியாயமான பேச்சுதான். என் ஆட்டம் தெரிந்தவன் அப்படித்தான் நினைப்பான். அதனால் விட்டுவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு மதியக் காட்சிக்குப் போனோம். நகைச்சுவைப் படம். அவன் இடது ஓரத்து இருக்கையில் உட்காரப் போனான். மோதியதில் முட்டி வலிக்கிறது, காலை நீட்ட வேண்டும் என்று நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் தயங்கித்தான் பக்கத்தில் உட்கார்ந்தான்.

படம் பாதி ஓடிய பிறகுதான் கவனித்தேன். அவன் திரையைவிட அதிகமாக முன்வரிசையில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் தோள் குலுங்கும். பிறகு இவன் சிரிப்பான். எனக்கு என்னவோ உறுத்தியது. ஒரு அமைதியான காட்சி வந்தபோது அவன் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"உன் காலர்ல கரப்பான் ஏறுதுடா."

பட்டறைத் தீப்பொறிக்குக் கண் சிமிட்டாதவன், கரப்பான் என்றால் நாற்காலி மேல் ஏறிவிடுவான். அவன் அசையவில்லை. திரையைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தான். காதோரம் கத்தரி வைத்தே பிழைக்கிறவன் நான். அந்தக் காதைச் சுற்றி எத்தனை வருஷமாக முடி வெட்டியிருக்கிறேன். ஓயாமல் பேசிக்கொண்டே வெட்டியிருக்கிறேன். அதற்கு மேல் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் அவன் வலப்பக்கமாகப் போய் நடந்தேன்.

"எப்போலேர்ந்துடா?"

எது என்று அவன் கேட்கவில்லை.

"போன வருஷத்துலேர்ந்து. இடது காது போயே போச்சு. வலதும் அப்பப்ப மக்கர் பண்ணுது."

"தங்கச்சிகிட்ட சொல்றதுக்கென்ன?"

"செவிடன்னு பாவம் பார்ப்பா. அதுக்குத் திமிரு புடிச்சவன்னு திட்டு வாங்குறதே மேல்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அட மடையா! அவ திட்டலடா, பெட்டி கட்டுறா. உனக்கு அவளைப் பிடிக்காம போச்சுன்னு புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டா."

அவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். "உன்கிட்ட சொன்னாளா?"

"உன்கிட்டயும்தான் அழுது அழுது பேசியிருக்கா. நீ சட்டை தேச்சுக்கிட்டு இருந்தியாம்."

பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். வீடு வரை அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை; என்னைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

வீட்டில் அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "வந்தாச்சா? வீடுன்னு ஒண்ணு இருக்கறது ஞாபகம் வந்துச்சா?" என்றாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் உள்ளே போய்க் குழாயை மூடினான்.

"எனக்குக் கேக்கல," என்றான்.

"நீங்க எப்பத்தான் கேட்டீங்க?"

"கேக்க மாட்டேன்னு சொல்லல. காது கேக்கல. இந்தப் பக்கம் சுத்தமா இல்ல. அன்னைக்கு நீ அழுதது எனக்குத் தெரியாது."

அவள் ஈரக் கையோடு நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அவனைச் சுற்றி வலப்பக்கம் வந்து, எக்கி நின்று காதோரம் ஏதோ சொன்னாள்.

நான் வாசற்படியில்தான் நின்றிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.